கட்டம் பார்த்து இரண்டு நிறப் பின்னல்: முதல் ஃபேர் ஐல் பட்டை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகளுக்கும் ஷெட்லாந்துக்கும் நடுவே இருக்கும் குட்டித் தீவு ஃபேர் ஐல். 1922-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் கிளப்பின் தலைவராக இருந்த வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் அந்த ஊர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். அதற்குப் பிறகு ஆளாளுக்கு அதையே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பார்த்தால் ஏழெட்டு நிறம் இருக்கும். ஆனால் எந்த வரிசையை எடுத்தாலும் ஊசியில் இரண்டே நிறம்தான். நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைக் கண்ணிகளும் (ஊசியில் போடும் வளையங்கள்) தெரிந்தால் போதும், நாமும் போட்டுவிடலாம்.

முதல் முயற்சிக்கு ஸ்வெட்டர் வேண்டாம். காதை மூடும் தலைப்பட்டை போதும். அதில் கண்ணி குறைக்கும் வேலையே கிடையாது.

தேவையானவை

நடுத்தரக் கனமுள்ள (டிகே) நூல், வெள்ளையும் சிவப்பும். 4 மி.மீ. வட்ட ஊசி (வளையும் கம்பியால் இணைந்த ஜோடி ஊசி), 40 செ.மீ. நீளம். சுற்று தொடங்கும் இடத்தைக் காட்ட ஊசியில் மாட்டும் சிறு வளையம், அதாவது ஒரு மார்க்கர். கம்பளி நூலாக இருந்தால் கண்ணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அக்ரிலிக் கொஞ்சம் வழுக்கும், பழக அதுவும் பரவாயில்லை. வேறு நிறம் எடுப்பதானால் இரண்டையும் சேர்த்து வைத்து போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பின்னிய பிறகு டிசைன் கண்ணுக்கே தெரியாது.

சார்ட்டைப் படிப்பது

□ ■ □ □
■ ■ ■ □
□ ■ □ □

ஒரு கட்டம் என்பது ஒரு கண்ணி; □ வெள்ளை, ■ சிவப்பு. துணியை முன்பக்கமிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ, அதன் படம்தான் சார்ட். பின்னல் கீழிருந்து மேலே வளர்கிறது, ஊசியில் வலமிருந்து இடமாக நகர்கிறது. அதனால் சார்ட்டையும் கீழ் வரிசையின் வலது ஓரத்திலிருந்து படிக்க வேண்டும். நம் கண் பழக்கத்துக்கு இது நேர் எதிர், முதலில் தடுமாறும்.

முதல் வரிசை: 2 வெள்ளை, 1 சிவப்பு, 1 வெள்ளை. இரண்டாவது: 1 வெள்ளை, 3 சிவப்பு. மூன்றாவது முதல் வரிசை போலவே. இந்த நான்கு கண்ணிகளையே சுற்று முடியும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். வட்டமாகப் பின்னும்போது எப்போதும் முன்பக்கம்தான் நம்மைப் பார்த்திருக்கும், அதனால் எல்லா வரிசையும் வலமிருந்து இடம். திருப்பித் திருப்பிப் பின்னினால் பர்ல் வரிசையை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். இந்தத் தொல்லைக்காகவே வட்ட ஊசி சொன்னேன்.

பின்னுவது

1. வெள்ளையில் 104 கண்ணி ஏற்றி, முறுக்காமல் வட்டமாகச் சேர்த்து, மார்க்கர் போடுங்கள். 104 நான்கால் வகுபடும், 26 டிசைன் வரும். 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தால் சுற்றளவு ஏறக்குறைய 47 செ.மீ.; தலையில் இழுத்துப் பிடிக்கும்.

2. 2 நிட், 2 பர்ல் என்று 2 செ.மீ. ரிப் (இழுத்தால் நீளும் ஓரப் பின்னல்). பிறகு இரண்டு சுற்று வெறும் நிட்.

3. சிவப்பைச் சேர்த்து சார்ட்டின் மூன்று சுற்று, பிறகு வெள்ளையில் இரண்டு சுற்று. இப்படி மூன்று தடவை. நடுவே சிவப்பை வெட்ட வேண்டாம். உள்பக்கமாக மேலே ஏற்றிக்கொண்டால் போதும்.

4. மறுபடி 2 செ.மீ. ரிப் போட்டு, தளர்வாக முடியுங்கள்.

வித்தை எல்லாம் மூன்றாவது படியில்தான். பயன்படுத்தாத நூல் உள்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை இறுக்கிவிட்டால் பட்டை சுருங்கி, தலையில் ஏறாது. நிறம் மாற்றும் ஒவ்வொரு தடவையும், வலது ஊசியில் இப்போது பின்னிய கண்ணிகளை விரலால் நன்றாகப் பரப்பிவிட்டு, பிறகு புது நிறத்தில் அடுத்த கண்ணியைப் போடுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதி வேலையை முடித்துவிடும். இங்கே நூல் ஓடுவது அதிகபட்சம் மூன்று கண்ணிதான். ஐந்தைத் தாண்டும் டிசைன்களில் நடுவே ஒரு முறை நூல்களைக் குறுக்கிட்டுப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் விரலும் கம்மலும் மாட்டும்.

இன்னொன்று: சிவப்பு எப்போதும் வெள்ளைக்குக் கீழிருந்து வரட்டும். கீழிருந்து வரும் நூலின் கண்ணி சற்றுப் பெரிதாக விழும், டிசைன் எடுப்பாக இருக்கும். நடுவில் மேல் கீழ் மாற்றினால் ஒரு பட்டை பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும்.

முடித்த பிறகு ஒரு கண்ணி மட்டும் நிறம் மாறியிருப்பது தெரிந்தால் பிரிக்க வேண்டியதில்லை. கம்பளி ஊசியில் சரியான நிறத்தைக் கோத்து, அந்தக் கண்ணி போன வழியிலேயே அதன்மேல் ஓட்டிவிடுங்கள்.