மேஜை மேல் பிங் விழுவது ஏன்?
கோத்தகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு வாங்கிய இரண்டு வெளிப்புற ஆக்சஸ் பாயின்ட்டுகளை (வயர்லெஸ்ஸில் நெட்வொர்க்கை இணைக்கும் ரேடியோக்கள்), கம்பத்தில் ஏற்றும் முன் மேஜையிலேயே இணைத்துப் பார்த்தேன். லிங்க் உடனே கிடைத்தது. பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்க அனுப்பும் சோதனைச் செய்தி) மட்டும் பத்துக்கு மூன்று பதில் வராமல் விழுந்தது. கேபிள், பிஓஇ அடாப்டர் (நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம் தருவது), சேனல் எல்லாம் மாற்றியும் அதே கதை. சிக்னலைப் பார்த்தால் -18 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; மைனஸ் எண் சிறிதாகச் சிறிதாக வலிமை அதிகம்)! பள்ளத்தாக்கைத் தாண்ட வேண்டிய ரேடியோக்களை ஒரு முழ இடைவெளியில் வைத்தால் ரிசீவர் திணறாமல் என்ன செய்யும்? காதருகே வந்து கத்தினால் வார்த்தை புரியாதே, அப்படித்தான்.

டிரான்ஸ்மிட் பவரை ஆகக் குறைத்து, ஆன்டெனாக்களை ஒன்றையொன்று பார்க்காதபடி திருப்பி, ஒன்றை அடுத்த அறைக்கு மாற்றினேன். -50க்கு இறங்கியதும் இழப்பு சுத்தமாக நின்றது. ஆன்டெனா கழற்றும் மாடல் என்றால் கேபிளிலேயே இணைக்கலாம். ஆனால் நடுவில் அட்டனுவேட்டர் (சிக்னலின் வலிமையைக் குறைக்கும் பாகம்) கட்டாயம், இல்லாவிட்டால் ரிசீவரே கருகிவிடக்கூடும். அப்புறம், கம்பத்தில் ஏற்றியதும் பவரை மறுபடி கூட்ட மறக்காதீர்கள்.