மலைக்குப் பழைய வண்டி வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

சில வருடங்களுக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு பழைய மாருதி ஆம்னி வேன் வாங்கினேன். அவிநாசி சாலையில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. அடுத்த வாரம் அப்பா, அம்மா, மனைவி, பையன் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு குன்னூர் மலைப்பாதையில் ஏறினேன். பர்லியாறு தாண்டியதும் கருகல் வாடை. இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் தேய்ந்து போயிருந்தது. சமதளத்தில் அது தெரியவே தெரியாது.

அதனால் நம் நீலகிரிக்கு வண்டி வாங்குபவர்கள் கீழேயே ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கக்கூடாது. மலை ஏற்றம் தொடங்கும் கல்லாறு தாண்டி இரண்டு வளைவாவது ஏற வேண்டும், அதுவும் நாலு பேரை உட்காரவைத்து. நல்ல ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மறுபடி எடுத்துப் பாருங்கள். பின்னால் உருண்டாலோ, இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டாலோ விலையைக் குறைத்துப் பேசுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவு என்பதால், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜின் தன் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். கீழேயே திணறுகிற வண்டி மேலே என்ன செய்யும்?

காலையில் போய்ப் பாருங்கள். முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் தெரியும் குறையை மறைக்க நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கலாம் என்று அர்த்தம். சரி, நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

எனக்கு மிகவும் பயம் தருவது பிரேக்தான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில், நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது கொதித்துக் குமிழி விடும். அப்போது பெடலை மிதித்தால் கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். பழைய வண்டி என்றால் வாங்கிய அன்றே மாற்றி, பிரேக் பேடு, லைனர் எல்லாம் பார்த்துவிடுங்கள். இதற்கான பணத்தை வண்டி விலையோடு சேர்த்தே எடுத்து வையுங்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது, இன்ஜினை அணைத்து இறக்குவது இரண்டும் உயிரோடு விளையாடுவது. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர்.

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே துருப்பிடிக்கும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் கூலன்ட்டோடு, உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து கொதிப்பைத் தள்ளிப்போடும் ரேடியேட்டர் மூடியும் முக்கியம். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள், செலவு சொற்பம்தான்.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஓடிய வண்டி என்றால் மழையிலேயே நனைந்திருக்கும். மேலே அடித்த புது பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். கால் வைக்கும் மேட்டைத் தூக்கி அடியில் இருக்கும் தரைத் தகட்டைத் தட்டுங்கள், ஜாக்கி வைக்கும் இடத்தை விரலால் அழுத்துங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்த வண்டி வேண்டாம்.

அப்புறம் பேப்பர். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், அதை நீக்கிய பிறகே முழுப் பணம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அபராதம் நிலுவை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 15 வருடம் முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும், அது 5 வருடம்தான் செல்லும். பெயர் மாற்றத்தோடு இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.

கடைசியாக நிறுத்தும் விஷயம். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி சரிவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஏற்றம் பார்த்து நின்றால் ஃபர்ஸ்ட் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ். எங்கள் ஆம்னியின் பின் சீட்டுக்கு அடியில் ஒரு கற்பூர மரத்துண்டு கிடக்கிறது, ஒரு பக்கம் சரிவாகச் சீவியது. அப்பா செதுக்கிக் கொடுத்தார். வண்டி நின்றதும் பையன் முதலில் இறங்கி அதைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் இறங்குவோம்.