கிழிந்த டி-ஷர்ட்டும் கனிந்த வாழைப்பழமும்: கைக்குழந்தை உள்ள வீட்டுக்குச் சில கைவேலைகள்

குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்ததுமே, வாங்க வேண்டியவை என்று ஒரு நீளப் பட்டியல் எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும். அதில் பலதை வீட்டிலேயே செய்யலாம், சிலது தேவையே இல்லை, சிலதைக் கண்டிப்பாகக் கடையில்தான் வாங்க வேண்டும். எது எந்தப் பக்கம் என்று பிரிக்க நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: நான் செய்தது சொதப்பினால் என்ன ஆகும்? தையல் பிரியும், துணி நனையும், அவ்வளவுதான் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். குழந்தைக்கு மூச்சு முட்டும், சத்து குறையும் என்றால் அதில் கை வைக்க வேண்டாம்.

துடைக்கும் துணியிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் சேமிப்பு உடனே தெரிவது இதில்தான். பழைய பருத்தி டி-ஷர்ட்டை எடுத்து 20 செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். பெரியவர்கள் போட்ட ஒரு டி-ஷர்ட்டில் 10, 12 துண்டுகள் தேறும். பின்னல் துணி என்பதால் ஓரம் லேசாகச் சுருளுமே தவிர நூல் பிரியாது, அதனால் ஓரம் தைக்கும் வேலையே இல்லை. நான் முதல் குழந்தைக்கு இப்படி 30 துண்டுகள் வெட்டி, மொத்தத்தையும் தண்ணீரில் நனைத்து ஒரு டப்பாவில் அடைத்து வைத்தேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்ததும் புளித்த வாடை. கடை வைப்ஸில் கிருமி வளராமல் இருக்க ஏதாவது சேர்த்திருப்பார்கள், நம் வீட்டுத் தண்ணீரில் அது கிடையாது. அன்றிலிருந்து துணியைக் காய்ந்தபடியே அடுக்கி வைத்து, பக்கத்தில் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு பாட்டில் வைத்து, தேவைப்படும்போது நனைத்துக்கொள்கிறேன். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். வாசனை எண்ணெய், சோப்பு எதுவும் அதில் வேண்டாம், பச்சைக் குழந்தையின் தோலுக்கு வெறும் தண்ணீரே போதும்.

அடுத்து நாப்கின். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும், ஆகவே இரண்டு நாளைக்கு ஒருமுறை துவைப்பதாக இருந்தால் 24 துணிகளாவது கையில் இருக்க வேண்டும். பழைய பருத்திப் படுக்கை விரிப்பு இதற்கு மிகப் பொருத்தம். பலமுறை துவைத்துப் பழகிய துணி ஈரத்தை நன்றாக உறிஞ்சும். புதுப் பருத்தித் துணியில் இயற்கையான மெழுகுப் பசை இருப்பதால் தண்ணீர் மேலேயே நிற்கும், அதனால் புதுத் துணி வாங்கித் தைப்பவர்கள் முதலில் மூன்று நான்கு முறை வெந்நீரில் துவைத்துவிடுங்கள். சுமார் 65 செ.மீ. சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, முக்கோணமாக மடித்துக் கட்டலாம். நடுவில் பழைய துவாலைத் துண்டு ஒன்றை நீளவாக்கில் வைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். மேலே போடும் நீர்புகாத உறையை மட்டும் மூன்று நான்கு வாங்கிவிடுங்கள், அதை வீட்டில் தைக்க முயல்வது நேர விரயம்.

துவைக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்புத் தூள் போட்டு வெந்நீரில் துவையுங்கள். துணி மிருதுவாக இருக்கட்டும் என்று ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். அது நூலின் மேல் ஒரு படலமாகப் படிந்து, உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடும். மஞ்சள் கறைக்கு வெயிலை மிஞ்சிய மருந்து இல்லை, ஈரத்தோடு வெயிலில் போட்டால் பெரும்பாலான கறை தானாக வெளுத்துவிடும். இரவில், பயணத்தில், உடம்புக்கு முடியாத நாளில் கடை டயபர் போடுங்கள். பகலில் மட்டும் துணி கட்டினாலே செலவு கணிசமாகக் குறையும்.

பிப் தைக்க ஒரு பக்கம் துவாலை, இன்னொரு பக்கம் டி-ஷர்ட் துணி. கழுத்தில் நாடா வைக்காதீர்கள், சுற்றிக்கொண்டால் ஆபத்து. இழுத்தால் விட்டுவிடும்படி வெல்க்ரோ அல்லது பிரஸ் பட்டன் வையுங்கள், தூங்கப் போகும் முன் கழற்றிவிடுங்கள். பால் கசியும் அம்மாக்களுக்கு மார்பில் வைக்கும் பேடும் இதே துணிகளில் செய்யலாம்: 12 செ.மீ. வட்டங்கள், வெளியே இரண்டு அடுக்கு மெல்லிய பருத்தி, நடுவே இரண்டு அடுக்கு துவாலை, சுற்றி ஒரு தையல்.

சரி, செய்யவே கூடாதவை. புட்டிப்பால் மாவை வீட்டில் தயாரிக்கும் முறை என்று யார் என்ன அனுப்பினாலும் நம்பாதீர்கள். அப்படித் தயாரித்த பால் குடித்த குழந்தைகள் கால்சியம் குறைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகு, 2021இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைச் செய்யவே வேண்டாம் என்று எச்சரித்தது. தொட்டிலுக்குத் தலையணை, ஓரத்து மெத்தை, பஞ்சு பொம்மை எதுவும் தைக்க வேண்டாம். ஒரு வயது வரை தூங்கும் இடம் வெறுமையாக இருப்பதுதான் பாதுகாப்பு. விளையாட்டுச் சாமான் செய்தால் அதையும் அதில் ஒட்டிய ஒவ்வொரு துண்டையும் டாய்லெட் பேப்பர் சுருளின் நடுக் குழாயில் போட்டுப் பாருங்கள், உள்ளே நுழைந்தால் குழந்தையின் தொண்டையிலும் சிக்கும்.

ஆறு மாதம் ஆகி, சாப்பாடு ஆரம்பித்ததும் ஐஸ் ட்ரே ஒன்று எடுத்து வையுங்கள். கேரட்டோ ஆப்பிளோ பட்டாணியோ எதுவானாலும் வேகவைத்து, மசித்து, குழிகளில் ஊற்றி உறைய வைத்து, பிறகு கட்டிகளை ஒரு பையில் போட்டுத் தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்துவிடலாம். ஒரு கட்டி சுமார் இரண்டு மேசைக்கரண்டி வரும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

விடுமுறை நாள், விசேஷ நாள் வந்தால்தான் சிக்கல். பெரிய பிள்ளைக்கு இனிப்பு வேண்டும், சின்னது அதைப் பார்த்துக் கை நீட்டும். 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சர்க்கரை மிகுந்த உணவு வேண்டாம் என்கிறது. அதனால் இருவரும் தின்னக்கூடிய ஒன்றை முதலில் செய்துவிடுவது என் வழக்கம். நன்றாகக் கனிந்த வாழைப்பழம் இரண்டு, தோலில் கரும்புள்ளி விழுந்ததாக இருந்தால் இனிப்பு அதற்குள்ளேயே இருக்கும். மசித்து, ஒரு கப் ஓட்ஸில் பாதியைப் பொடித்தும் மீதியை அப்படியேவும் போட்டு, சிட்டிகை பட்டைத் தூள் கலந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். தட்டையாகத் தட்டி ஓவனில் 180 டிகிரியில் 15 நிமிடம், ஓவன் இல்லையென்றால் மூடிய வாணலியில் சிறு தீயில் இரு பக்கமும். மெத்தென்று இருக்கும், பல் வராத ஈறுக்கும் சிரமம் கொடுக்காது. மறுநாளைக்குள் காலி செய்துவிடுங்கள்.

தேன் கொஞ்சம் விட்டால் என்ன என்று கேட்பார்கள். ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூட வேண்டாம். பாட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம், வீட்டு ஓவன் சூட்டுக்கு அவை சாவதில்லை.

தயிர்ப் பலகை இன்னும் எளிது. இரண்டு கப் தயிரைச் சுத்தமான துணியில் கட்டி ஒரு மணி நேரம் நீர் வடியவிட்டு, காகிதம் விரித்த தட்டில் அரை செ.மீ. கனத்துக்குப் பரப்பி, பொடியாக நறுக்கிய பழங்களைத் தூவி நான்கு மணி நேரம் உறையவிடுங்கள். உடைத்துக் கொடுத்த உடனே தின்ன வேண்டும், சீக்கிரம் உருகிவிடும். திராட்சை போடுவதாக இருந்தால் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். முழுக் கொட்டை, பாப்கார்ன் எல்லாம் சின்னப் பிள்ளைகள் இருக்கும் தட்டில் வேண்டாம்.

அப்புறம், தின்பதற்கு இல்லாத ஒரு மாவு. மைதா இரண்டு கப், உப்பு ஒரு கப், தண்ணீர் முக்கால் கப் அளவில் தொடங்கி ஒட்டாத பதம் வரும்வரை பிசையுங்கள். அரை செ.மீ. கனத்துக்குத் தேய்த்து, குழந்தையின் உள்ளங்கையை அழுத்திப் பதித்து, மேலே நூல் கோக்க ஸ்ட்ராவால் ஒரு துளை போட்டு, 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவிட்டால் கல் போல ஆகிவிடும். பின்பக்கம் தேதியை எழுதி வையுங்கள், அந்தக் கை அடுத்த வருஷம் அந்த அச்சில் அடங்காது. மாவை வாயில் போடாமல் பக்கத்திலேயே இருங்கள். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், அவ்வளவு உப்பு நாயின் உயிருக்கே ஆபத்து.