குப்பைக் கிடங்கு விரிவாக்கம்: நிலத்தடி நீர் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயங்கிக்கொண்டிருக்கும் குப்பைக் கிடங்கை ஒட்டி இன்னொரு பகுதி திறக்கப் போகிறார்கள் என்றால், நிலத்தடி நீர் அறிக்கையில் "தற்போதுள்ள கண்காணிப்புக் கிணறுகளே போதுமானவை" என்று ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அங்கேயே நின்று கேள்வி கேளுங்கள். அந்தக் கிணறுகள் பழைய கிடங்கைக் கவனிக்கப் போட்டவை. புதிய பகுதிக்கு அடியில் மண் எப்படி, பாறை எப்படி, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதை அவை சொல்லும் என்று நாமாக நினைத்துக்கொள்ள முடியாது.

என் கணிப்பில் இருப்பதிலேயே பெரிய தவறு, எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் நடக்கிறது. பழைய கிடங்கு மேற்கே, புதிய பகுதி கிழக்கே, நிலத்தடி நீர் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய பகுதிக்குத் தண்ணீர் வரும் பக்கத்தில் உள்ள கிணறு, பழைய கிடங்கின் கசிவுநீர் (குப்பையிலிருந்து வடியும் அழுக்கு நீர்) போகும் பக்கத்துக் கிணறும்கூட. அதில் ஏற்கெனவே குளோரைடும் அம்மோனியாவும் ஏறியிருந்தால், அதையே 'இயல்பு நிலை' என்று எடுத்துக்கொண்டபின் நாளைக்குப் புதிய பகுதி கசிந்தாலும் ஒப்பீட்டில் எதுவும் தெரியாது. அதனால் இரண்டு அளவுகோல் வேண்டும்: பழைய கிடங்கின் பாதிப்பே எட்டாத இடத்திலிருந்து இயற்கை நிலை, அப்புறம் புதிய பகுதியில் முதல் லோடு குப்பை விழும் முன் எல்லாப் பருவங்களையும் பிடிக்கும்படி குறைந்தது ஓர் ஆண்டாவது எடுத்த அளவீடுகள். குப்பை விழுந்தபின் அந்த இரண்டாவதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. இன்னொன்று, பாதிப்பு எட்டாத இடம் என்பது தண்ணீர் வரும் பக்கம் மட்டும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். குப்பையிலிருந்து கிளம்பும் வாயு நீரோட்டத்துக்கு எதிர்த் திசையிலும் மண்ணுக்குள் பரவும், எளிதில் ஆவியாகும் ரசாயனங்களைத் தன்னோடு கொண்டுபோய் 'சுத்தமான' கிணற்றிலும் சேர்த்துவிடும். அடியில் கசிவைத் தடுக்கும் விரிப்பு இல்லாத பழைய கிடங்காக இருந்தால் மழைநீர் அதற்குள் இறங்கி நீர்மட்டத்தை மேடாக்கிவிடலாம். அப்போது தண்ணீர் ஒரு பக்கமாகப் போகாமல் நாலா பக்கமும் போகும்.

திசை விஷயத்துக்கு வருவோம். ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளாவது இருந்தால்தான் ஓட்டத்தின் திசையையே கணிக்க முடியும், அதுவும் ஒரே நீர்த்தாங்கியில் (நிலத்தடி நீர் தங்கி ஓடும் மண் அல்லது பாறை அடுக்கில்), ஒரே நாளில் அளந்திருந்தால். மூன்று என்பது தொடக்கம் மட்டும்தான். நிலத்தடி நீரின் வாட்டம், அதாவது நீர்மட்டத்தின் சரிவு, மிகச் சிறியதாக இருக்கும் இடங்களில் கிணற்று வாயின் உயரத்தை அளப்பதிலேயே எல்லாம் கெட்டுப்போகும். வாட்டம் 0.001 என்றால் 100 மீட்டர் இடைவெளியில் நீர்மட்ட வித்தியாசம் வெறும் 10 சென்டிமீட்டர். அதில் 5 சென்டிமீட்டர் அளவைப் பிழை இருந்தால் வரைபடத்தில் அம்புக்குறி எங்கோ திரும்பிவிடும், கண்காணிப்புக் கிணறும் தப்பான பக்கத்தில் போய் உட்காரும். மழைக்காலத்திலும் கோடையிலும் தனித்தனியாக வரைந்தார்களா, பக்கத்தில் பெரிய மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கும் கிணறுகள் ஓடும்போதும் நிற்கும்போதும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

வேகக் கணக்கில் ஒரு தவறு அடிக்கடி வரும், அதன் விளைவு பெரிது. மண்ணின் நீர் கடத்தும் திறனை வாட்டத்தால் பெருக்கி, அதையே தண்ணீரின் வேகம் என்று எழுதிவிடுகிறார்கள். தண்ணீர் மண் முழுவதிலும் ஓடுவதில்லை, துகள்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் மட்டும்தான் ஓடுகிறது, ஆகவே அந்த இடைவெளியின் பங்கால் வகுக்க வேண்டும். கடத்தும் திறன் நாளுக்கு 10 மீட்டர், வாட்டம் 0.005, இடைவெளி 25 சதவீதம் என்றால் உண்மையான வேகம் நாளுக்கு 0.2 மீட்டர், ஆண்டுக்கு 73 மீட்டர். வகுக்க மறந்தால் 18 மீட்டர் என்று வரும். வெடிப்புள்ள பாறையில் தண்ணீர் ஓடும் இடைவெளி 1 சதவீதத்துக்கும் கீழே இருக்கலாம், அங்கே இந்த மறதி நூறு மடங்கு பிழையாகிவிடும். எவ்வளவு நாளுக்கு ஒருமுறை சாம்பிள் எடுப்பது என்பதையும் இந்த வேகத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒரு மீட்டர் நகரும் தண்ணீரில் மாதாமாதம் எடுத்தால் கிட்டத்தட்ட அதே தண்ணீரைத்தான் திரும்பத் திரும்பப் பரிசோதிக்கிறோம்.

அந்தக் கடத்தும் திறன் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். கைப்பிடிக் களிமண்ணை லேபில் சோதித்தால் அருமையான எண் வரும், ஏனென்றால் அந்தச் சின்னத் துண்டில் விரிசல் இருக்காது, வேர் போன துளை இருக்காது, மணல் பட்டை இருக்காது. களத்தில் அளந்தால் பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்குகூட அதிகமாக வரலாம். எல்லா எண்களையும் சேர்த்துச் சராசரி போடுவதும் ஆபத்து: கசிவுநீர் சராசரி மண்ணைத் தேடிப் போகாது, சரளைக் கற்கள் உள்ள அந்த ஒரு பட்டை வழியாகத்தான் போகும். அந்தப் பட்டைக்கு நேரே கிணறு இருக்கிறதா? கிணற்றுக் குழாயில் துளையிட்ட பகுதி பத்துப் பதினைந்து மீட்டர் நீளம் இருந்தால் மேல் தண்ணீரும் கீழ்த் தண்ணீரும் கலந்து மாசு நீர்த்துப்போய்விடும். குறுகிய துளைப்பகுதியுடன், ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழங்களில் இரண்டு மூன்று கிணறுகள் இருப்பது நல்லது. தண்ணீர் கீழ்நோக்கி இறங்குகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

சாம்பிள் எடுப்பதில் கலங்கல்தான் முக்கியப் பிரச்சினை. வேகமாக இறைத்தால் மண் துகள் கலந்து உலோக அளவுகள் பொய்யாக ஏறும். மெதுவாக இறைத்து, பிஹெச், மின்கடத்துத்திறன், ஆக்சிஜன் எல்லாம் நிலைத்தபின் எடுக்க வேண்டும்.

முடிவுகளைப் படிக்கும்போது இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. 10 கிணறு, கிணற்றுக்கு 20 பொருள் என்றால் ஒரு சுற்றில் 200 ஒப்பீடு. ஒவ்வொன்றிலும் தவறான எச்சரிக்கைக்கு 5 சதவீத வாய்ப்பு இருந்தால் கசிவே இல்லாமலும் சராசரியாகப் பத்து இடத்தில் 'மாசு' தெரியும். பதற வேண்டாம், உடனே மறு சாம்பிள் எடுங்கள். ஆனால் அதைக் காரணமாக வைத்து எல்லா உயர்வையும் தள்ளிவிடுவது இதைவிட மோசம். குறிப்பாக, ஆர்சனிக் வந்தால் "அது இயற்கையாக மண்ணில் இருப்பது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். மண்ணில் இருந்தது உண்மைதான். ஆனால் கசிவுநீரின் கரிமப் பொருள் நிலத்தடியில் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால் இரும்பு ஆக்சைடுகள் கரையும், அவற்றில் ஒட்டியிருந்த ஆர்சனிக் தண்ணீருக்கு வரும். அப்போது அது மண்ணுடையதாக இருந்தாலும் காரணம் கிடங்குதான். அதோடு இரும்பும் மாங்கனீசும் ஏறியிருக்கிறதா, ஆக்சிஜன் குறைந்திருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். குளோரைடு மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு ஓடும் என்பதால் அதன் போக்கையும் தவறாமல் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. விரிவாக்கப் பகுதிக்குள்ளேயே பழைய கண்காணிப்புக் கிணறுகளும் மண் ஆய்வுக்குப் போட்ட துளைகளும் இருக்கும். அவற்றை மண் தள்ளி மூடிவிட்டு மேலே விரிப்பைப் போட்டால், விரிப்பு கிழியும் நாளில் கசிவுநீர் நேராக நீர்த்தாங்கிக்குள் இறங்கும் குழாயை நாமே விட்டுவைத்ததாக ஆகும். ஒவ்வொரு துளையும் எவ்வளவு ஆழம், அடியிலிருந்து மேல்வரை எதைக் கொண்டு அடைத்தார்கள், எந்தத் தேதியில் என்ற பதிவைக் கேட்டு வாங்குங்கள், வரைபடத்தில் உள்ள துளைகளின் எண்ணிக்கையோடு அது ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.