கூண்டுச் சுவர் வெப்பமானியை நம்பிக் கெட்டேன்

என் முள்வால் உடும்பு இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கால் விரல்களில் பழைய தோல் வளையம் வளையமாக இறுகிக் கிடந்தது. விட்டால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும். கூண்டுச் சுவரில் 35 டிகிரி காட்டியது காற்றின் சூடுதான். அது வெயில் காயும் கல்லை, தொடாமலே பரப்பின் சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தால் வெறும் 38. ஆஸ்திரேலியாவின் வறண்ட பாறைகளில் வாழும் இதற்குக் கல்லின் சூடு 55, 60 வேண்டும். இரண்டு ஹாலஜன் விளக்குகளை அருகருகே மாட்டினேன்.

தோல் உரிய ஈரமும் வேண்டும். அதனால் கூண்டுத் தரையில் இருந்த மரத்தூளை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணும் மணலும் கலந்து நிரப்பினேன். பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரம். (எடையை முதலிலேயே யோசியுங்கள், என் மேசை முனகிவிட்டது.) மூன்றாம் நாளே உடும்பு வளை தோண்டி உள்ளே போய்விட்டது. விரல்களை மட்டும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஈரப் பஞ்சால் மெதுவாக உருட்டித் தோலை எடுத்தேன். இப்போது வெட்டுக்கிளியைக் கண்டால் கண்ணாடியில் முட்டுகிறது.