மேல்வீட்டில் கசிவு, கீழ்வீட்டில் கோபம்: அடுக்குமாடி மேலாளர் செய்ய வேண்டியவை

புகார் வந்ததும் யார் பக்கம் நியாயம் என்று பார்க்காதீர்கள், கூரையைப் பாருங்கள். ஈரத் திட்டின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, தேதியும் நேரமும் எழுதிப் படம் எடுங்கள். மறுநாள் ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தால் கசிவு இன்னும் தொடர்கிறது.

அடுத்து, மேல்வீட்டின் குழாய்களை எல்லாம் மூடச் சொல்லி, அந்த வீட்டுத் தண்ணீர் மீட்டரை அரை மணி நேரம் கவனியுங்கள். கழிப்பறைத் தொட்டி ஒழுகவில்லை என்பதை முன்பே உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். மீட்டர் நகர்ந்தால் தண்ணீர் வரும் குழாயில்தான் ஓட்டை. நகராவிட்டால் சந்தேகம் வடிகாலுக்கோ குளியலறைத் தரைக்கோ போகும். தரையைச் சோதிக்க, வடிகால் வாயை அடைத்து, சாயம் கலந்த தண்ணீரை 2 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தேக்கி 24 மணி நேரம் விடுங்கள். வாசற்படியைத் தாண்டி வழியக் கூடாது. கான்கிரீட் சில நேரம் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், கீழே சாயம் தெரியாவிட்டாலும் ஈரம் கூடுகிறதா என்று பாருங்கள்.

சோதனையின் தொடக்கத்திலும் முடிவிலும் இரு வீட்டாரும் உடனிருக்கட்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்: தான் கண்ணால் பார்க்காத முடிவை யாரும் ஏற்பதில்லை.

வாட்ஸ்அப் குழுவில் வாதத்தை வளர விடாதீர்கள். இருவரிடமும் தனித்தனியே பேசிவிட்டுப் பிறகு ஒன்றாக உட்காரவையுங்கள். யார் பழுதுபார்ப்பது, எந்தத் தேதிக்குள், செலவு யாருடையது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பொதுக் குழாய் என்றால் சங்க விதிகளைப் பார்த்துவிட்டே பேசுங்கள்.

கூரை நன்றாகக் காயும் முன் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். கறை திரும்பத் தெரிந்தால் சண்டையும் திரும்பும்.