ஒரு ஜோக்கை மொழியியல் முறையில் பிரித்துப் பார்ப்பது எப்படி?

நகைச்சுவையை ஆராய ஆரம்பித்தபோது “இதற்கு ஏன் சிரிப்பு வருகிறது?” என்ற கேள்வியோடு உட்கார்ந்தேன். மூன்று வாரம் எதுவும் நகரவில்லை. “இந்தப் பேச்சில் எது எதோடு மோதுகிறது, எந்தச் சொல்லில்?” என்று கேள்வியை மாற்றிய பிறகுதான் வழி பிறந்தது.

படி 1: சேகரியுங்கள். யார் யாரிடம் சொன்னார், அதற்கு முன் என்ன பேச்சு ஓடியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதற்கெனத் தனி மென்பொருள் தேடாதீர்கள், சாதாரண எக்செல் தாள்தான் சிறந்தது. இந்தப் பதிவுக்காக நான் எழுதிய இரண்டு உதாரணங்கள்:

அ) “தினமும் படி, படி என்றேனே, என்ன செய்தாய்?”
“முப்பது படி ஏறி இறங்கினேன் சார்.”

ஆ) “ஞாபகசக்தியை வளர்க்கப் புத்தகம் இருக்கா?”
நூலகர்: “இதோட மூணாவது தடவை கேக்கறீங்க. முதல் ரெண்டையும் இன்னும் திருப்பித் தரலை.”

படி 2: சொல்லை மாற்றிப் பாருங்கள். ‘படி’ இருக்கும் இடத்தில் ‘வாசி’ என்று போட்டால் அ செத்துவிடும். ஆ-வை எப்படி மாற்றிச் சொன்னாலும் பிழைக்கும். சொல்லில் பிறப்பது, பொருளில் பிறப்பது என்ற இந்தப் பிரிவினை ரோமானியப் பேச்சாளர் சிசரோ காலத்திலேயே உண்டு. இதைத் தாண்டிப் போகாதீர்கள், அடுத்த படி இதை நம்பித்தான் நிற்கிறது.

படி 3: இரண்டு ஸ்கிரிப்ட்களைக் கண்டுபிடியுங்கள். நான் தடுமாறியது இங்கேதான். ஸ்கிரிப்ட் என்றால் ஒரு சூழலைப் பற்றி நம் மனத்தில் இருக்கும் மொத்த அறிவு. ஒரு பேச்சு ஜோக் ஆவதற்கு 1985-இல் மொழியியலாளர் விக்டர் ராஸ்கின் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். ஒரே பனுவல் முழுதாகவோ பகுதியாகவோ இரண்டு ஸ்கிரிப்ட்களுக்குப் பொருந்த வேண்டும். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டும்.

முதலில் எல்லா ஜோக்குக்கும் “புத்திசாலி × முட்டாள்” என்றே எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு பயனும் இல்லை. இப்போது கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, அதுவரை என்ன புரிந்தது என்று ஒரு வாக்கியம் எழுதுகிறேன். பிறகு கையை எடுத்து இன்னொரு வாக்கியம். ஆ-வில் முதல் வாக்கியம், “நினைவாற்றலை வளர்க்க முயல்கிறார்.” இரண்டாவது, “முயன்றதையே மறந்துவிட்டார்.” மோதல் கண்ணெதிரே வந்துவிடும்.

அடுத்த சிக்கல், இரண்டு அர்த்தத்தையும் தாங்கும் சொல்லும், புரிதலைத் திருப்பிவிடும் சொல்லும் வேறு வேறு. முன்னதை இணைப்பி, பின்னதைப் பிரிப்பி என்று வைத்துக்கொள்வோம். அ-வில் ‘படி’ இணைப்பி, ‘ஏறி இறங்கினேன்’ பிரிப்பி. ஆ-விலும் இணைப்பியைத் தேடிப் பல மாலைகள் வீணாயின. பொருளில் பிறக்கும் ஜோக்கில் இணைப்பியே கிடையாது, பிரிப்பி மட்டும்தான். படி 2-ஐ ஒழுங்காகச் செய்திருந்தால் அப்படித் தேடியே இருக்க மாட்டேன்.

படி 4: எக்செல் தாளின் மீதி ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்). 1991-இல் மொழியியலாளர் சல்வத்தோரே அட்டார்டோவும் ராஸ்கினும் இதை ஆறு கூறுகளாக விரித்தார்கள்: ஸ்கிரிப்ட் எதிர்வு, தர்க்க வழிமுறை, சூழல், இலக்கு, சொல்லும் வடிவம், மொழி. கூறுக்கு ஒரு பத்தி; எதிர்வு படி 3-லேயே கிடைத்துவிட்டது. தர்க்க வழிமுறை என்பது இரண்டு ஸ்கிரிப்ட்களையும் ஒட்டவைக்கும் தந்திரம். இலக்கு என்பது யாரைக் கிண்டல் செய்கிறது என்பது. அது காலியாகவும் இருக்கலாம், வலிந்து நிரப்ப வேண்டாம். நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்னும் தொல்காப்பியமும் எள்ளலை அவற்றில் ஒன்றாகத்தான் வைக்கிறது. தர்க்க வழிமுறை சட்டென்று பிடிபடாவிட்டால் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். வரிசையில் முன்னால் இருக்கும் கூறு மாறினால் ஜோக் அதிகம் வேறாகத் தெரியும் என்பது அவர்கள் கணிப்பு. 1993-இல் அதை வாசகர்களை வைத்துச் சோதித்தபோதும் அந்த ஒரு கூறுதான் எதிர்பார்த்தபடி பொருந்தவில்லை.

பண்பாடுகளை ஒப்பிட இந்த அட்டவணை அருமையான கருவி. ஆங்கிலேயர் அயர்லாந்துக்காரரைப் பற்றியும், பிரெஞ்சுக்காரர் பெல்ஜியரைப் பற்றியும், அமெரிக்கர் போலந்து வழியினரைப் பற்றியும் ஒரே மாதிரி ‘முட்டாள்’ ஜோக் சொல்லிவந்ததை சமூகவியலாளர் கிறிஸ்டி டேவிஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவற்றை அட்டவணையில் போட்டால் எதிர்வு அப்படியே நிற்கும், இலக்குப் பத்தி மட்டும் மாறும்.

படி 5: ஒலி, காணொளி. ஒலி, காணொளிப் பதிவில் குறிப்பெழுத உதவும் மென்பொருள் ஈலான், நெதர்லாந்தின் நெய்மேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துடையது, இலவசம். பேச்சு, சிரிப்பு, சைகை மூன்றையும் தனித்தனி அடுக்குகளில் குறியுங்கள். சிரிப்பு கேட்ட இடமெல்லாம் ஜோக் என்று குறித்துவிடாதீர்கள். சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் ப்ரொவைன் கவனித்த சுமார் 1,200 சிரிப்புகளில் 20 சதவீதத்துக்கும் குறைவானவையே நகைச்சுவை போன்ற ஏதோ ஒன்றைத் தொடர்ந்து வந்தவை.

பின்சேர்க்கை 1: பன்ச்லைனுக்கு முன் வரும் இடைவெளியை வைத்தே அதைக் கண்டுபிடிக்கலாமே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் லூசி பிக்கரிங், அட்டார்டோ குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஜோக் சொன்னவர்கள் பன்ச்லைனை உரத்த குரலாலோ தனி இடைவெளியாலோ குறிக்கவில்லை. அதனால் முதலில் எழுத்துப் பிரதியில் பிரிப்பியைக் குறியுங்கள். ஒலியை ப்ராட் என்னும் ஒலி ஆய்வு மென்பொருளில் அளப்பதெல்லாம் அதன் பிறகு.

பின்சேர்க்கை 2: மீம் பற்றிக் கேட்டவருக்கு: படத்தை மூடிவிட்டு எழுத்தை மட்டும் படியுங்கள், பிறகு எழுத்தை மூடிவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் ஆளுக்கொரு ஸ்கிரிப்டை வைத்திருக்கும். பிரிப்பி எதில் இருக்கிறது என்று எழுத அட்டவணையில் ஒரு பத்தி கூட்டிக்கொள்ளுங்கள்.